சுண்ணாம்பில் நிற்கும் கோட்டைக்குச் சிமெண்ட் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆடிப் பதினெட்டு நெருங்கும்போதெல்லாம் சங்ககிரிக் கோட்டையைப் பற்றிய பேச்சு எழுகிறது. 1805 ஜூலை 31 அன்று தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட இடம். அதனால் மாலையும் கூட்டமும் வருகின்றன. கூடவே, சரிந்த மதிலைக் கட்டுங்கள், பூச்சு உதிர்ந்த இடத்தைப் பூசுங்கள் என்ற கோரிக்கையும் வருகிறது. நியாயமான கோரிக்கைதான். எதைக் கொண்டு பூசுவது என்பதில்தான் எங்களுக்குக் கவலை. பழைய மதில், கிணற்றுச் சுவர், சத்திரம் எதுவானாலும் இரண்டு மூட்டை சிமெண்டைக் குழைத்து அப்பிவிடுவது ஊர்ப்பக்கம் வழக்கமாகிவிட்டது. அது ஏன் ஆகாது என்று விளக்க, கொங்கு நாட்டுக்கு எந்த ஒட்டுறவும் இல்லாத ஒரு சிறிய ஸ்பானியக் கோட்டையை எடுத்துக்கொள்கிறோம். அதை எது காத்தது, எது கெடுத்தது என்பது ஆண்டு வாரியாகத் தெரிவதுதான் காரணம்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், செயின்ட் அகஸ்டின் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 15 மைல் தொலைவில், ராட்டில்ஸ்நேக் தீவு என்ற சதுப்புத் தீவு இருக்கிறது. அதில் நிற்கிறது மட்டான்சாஸ் கோட்டை. பக்கத்துக்கு 50 அடி, கோபுரம் 30 அடி உயரம், அவ்வளவுதான். நம்மூர்க் கல்யாண மண்டபத்துக்குள் அடங்கிவிடும். இன்றும் படகில்தான் போக முடியும்.

மட்டான்சாஸ் என்றால் ஸ்பானிய மொழியில் படுகொலைகள். 1565-ல் பெட்ரோ மெனந்தெஸ் என்ற ஸ்பானியத் தளபதி, கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய பிரெஞ்சுப் புராட்டஸ்டன்ட்டுகள் ஏறத்தாழ 250 பேரை அந்தக் கழிமுகத்தில் வெட்டிச் சாய்த்தார். அந்தப் பெயரே ஆற்றுக்கும் கோட்டைக்கும் நிலைத்துவிட்டது.

செயின்ட் அகஸ்டின் நகரைக் காக்க சான் மார்கோஸ் என்ற பெரிய கற்கோட்டை ஏற்கெனவே இருந்தது. 1672-ல் தொடங்கி 1695-ல் முடித்தார்கள். துறைமுக வாயிலை அது பார்த்துக்கொண்டது. ஆனால் தெற்கே மட்டான்சாஸ் கழிமுகத்தில் நுழைந்து ஆற்றோடு மேலேறி வந்தால், பெரிய கோட்டையின் பீரங்கிகளுக்கு முகம் காட்டாமலே நகரின் பின்புறத்தை அடைந்துவிடலாம். ஊருக்குக் கொல்லைப்புற வாசல் அது. இந்த ஆபத்து தெரிந்துதான் 1569-லேயே அங்கே மரத்தால் ஒரு காவல் பரணும் கூரை வேய்ந்த குடிசையும் போட்டு ஆறு வீரர்களை நிறுத்தியிருந்தார்கள்.

கொல்லைப்புற வாசல் கொங்குக்கும் உண்டு. மைசூர்ப் பீடபூமியிலிருந்து படை இறங்கக் கஜ்ஜல்ஹட்டி கணவாய். இறங்கியதும் மோயாறும் பவானியும் கூடுமிடத்தில் டணாய்க்கன் கோட்டை. 1790 செப்டம்பரில் திப்பு சுல்தான் இந்தக் கணவாய் வழியாகவே இறங்கிவந்து சத்தியமங்கலத்தில் கர்னல் பிளாய்டின் கம்பெனிப் படை மீது பாய்ந்தார். வாசலில் ஒரு காவல்கோட்டை எதற்கு என்று கொங்கு மண்ணில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

1740-ல் ஜார்ஜியாவின் ஆங்கிலேய ஆளுநர் ஓகல்தோர்ப் செயின்ட் அகஸ்டினை 39 நாள் முற்றுகையிட்டார். மட்டான்சாஸ் கழிமுகத்தையும் அடைத்தார். நகரம் தாக்குப்பிடித்தது. ஆனால் பின்வாசலுக்கு மரப் பரண் போதாது என்று செயின்ட் அகஸ்டினின் ஸ்பானிய ஆளுநர் மான்டியானோவுக்கு உறைத்துவிட்டது. அந்த ஆண்டின் பிற்பகுதியிலேயே வேலை தொடங்கியது, 1742-ல் முடிந்தது. பொறியாளர் பெட்ரோ ருயிஸ் தே ஒலானோ. கைதிகளும் அடிமைகளும் கியூபாவிலிருந்து வந்த சிப்பாய்களும் உழைத்தார்கள்.

இந்தக் கட்டுமானம்தான் நாம் கவனிக்க வேண்டியது. கீழே பாறை இல்லை, வெறும் சேறு. ஆகவே நீளமான பைன் மரங்களைச் சேற்றுக்குள் அடித்து இறக்கி, அந்த மரங்களின் தலைமேல் கல் வரிசை வைத்தார்கள். நீருக்குள் எப்போதும் மூழ்கியிருக்கும் மரம் சீக்கிரம் மக்காது, ஏனென்றால் அங்கே காற்று இல்லை. கிணற்றடியில் நெல்லிக்கட்டை போடுகிற நமக்கு இது புதிதல்ல. நனைந்தும் காய்ந்தும் மாறி மாறிக் கிடக்கும் பகுதிதான் முதலில் மக்கும். சேற்றில் மரம் நாட்டிக் கட்டும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. கோபுரம் இருக்கும் பக்கம் எடை கூடுதல், பீரங்கி மேடைப் பக்கம் எடை குறைவு. இரண்டும் ஒரே அளவு இறங்காது. இறங்காதபோது சுவருக்குள் இழுவிசை வரும். அதைத் தாங்கிக்கொள்ளும் நெகிழ்ச்சி சாந்துக்கு இருக்க வேண்டும்.

கல்லுக்குக் கொக்கினா என்று பெயர். கடலில் சிறு கிளிஞ்சல்கள் நொறுங்கிக் குவிந்து, மழைநீர் அவற்றின் சுண்ணத்தைக் கரைத்து ஒட்டவைத்ததால் உண்டான கல். வெட்டும்போது ஈரமாகவும் மெதுவாகவும் இருக்கும், கோடரியாலேயே செதுக்கலாம். வெட்டியதை உடனே சுவரில் வைக்கக் கூடாது; சான் மார்கோஸ் கட்டியபோது ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை காயவைத்தார்கள். துளைகள் நிறைந்த கல் என்பதால் பீரங்கிக் குண்டு பட்டால் சிதறாமல் உள்வாங்கிக்கொள்ளும். 1702-லும் 1740-லும் நடந்த இரண்டு முற்றுகைகளிலும் சான் மார்கோஸ் விழாமல் நின்றதற்கு இந்தக் குணமும் காரணம். ஆனால் குண்டை உள்வாங்கும் கல் தண்ணீரையும் உள்வாங்கும். அதனால்தான் சான் மார்கோஸை முழுக்கச் சுண்ணாம்புக் காரையால் வெள்ளையாகப் பூசி, மூலைக் காவற்கூண்டுகளுக்குச் சிவப்பு வண்ணம் கொடுத்திருந்தார்கள். இன்று படங்களில் தெரியும் சாம்பல்நிறக் கல், சட்டை கழற்றிய உடம்பு மாதிரி.

மட்டான்சாஸுக்குக் கல் தெற்கே எல் பின்யோன் என்ற சிறு கழிமுகத்தின் அருகிலிருந்து வந்தது. சுண்ணாம்பு அந்த இடத்திலேயே கிடைத்தது: ஆற்றில் அள்ளிய சிப்பி ஓடுகளைச் சுட்டார்கள். சிப்பியும் சுண்ணாம்புக் கல்லும் ஒரே பொருள்தான், கால்சியம் கார்பனேட். காளவாயில் 900 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டால் கரியமில வாயு வெளியேறும். 100 கிலோ கல்லுக்கு 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். சுவரில் வைத்தபின் காற்றிலிருந்து அதே கரியமில வாயுவை மெதுவாகத் திரும்ப வாங்கிக்கொண்டு கல்லாகும். சில மில்லிமீட்டர் ஆழம் கல்லாகவே வாரங்கள் பிடிக்கும். கிளிஞ்சல் கல்லைக் கிளிஞ்சல் சுண்ணாம்பால் ஒட்டியதில் கல்லும் சாந்தும் ஒரே இனமாக அமைந்தன. இது தற்செயலாக நடந்தாலும் நல்ல பொருத்தம்.

கோட்டைக்குள் படைவீரர் அறை, அதற்கு மேல் வளைவுக்கூரை போட்ட அதிகாரி அறை, வெடிமருந்தறை, உச்சியில் காவல் தளம். பீரங்கி மேடையில் விழும் மழைநீர் வழிந்து கீழே உள்ள தொட்டியில் சேரும்; குடிநீர் அதுதான். மேடையில் ஐந்து பீரங்கிகள்: ஆறு பவுண்டு குண்டு வீசும் நான்கு, பதினெட்டு பவுண்டு குண்டு வீசும் ஒன்று. அப்போது கழிமுகம் அரை மைலுக்கும் குறைவான தூரத்தில் இருந்தது. ஐந்துமே அதை எட்டும். வழக்கமாக ஓர் அதிகாரி, நான்கு காலாட்கள், இரண்டு பீரங்கிக்காரர்கள். செயின்ட் அகஸ்டினிலிருந்து முறைவைத்து அனுப்புவார்கள். நெருக்கடி வந்தால் 50 பேர் வரை தங்கலாம்.

வேலை முடியும் தறுவாயில் 1742-ல் ஓகல்தோர்ப் 12 கப்பல்களோடு மறுபடி வந்தார். நோட்டம் பார்க்க வந்த படகுகளைப் பீரங்கிகள் விரட்டின. கப்பல்கள் சண்டைக்கு நிற்காமல் திரும்பின. மட்டான்சாஸ் கோட்டை எதிரியின் மீது சுட்டது அந்த ஒரே முறைதான்.

அதன்பின் அந்தக் கோட்டையைக் கெடுத்தது எதிரி அல்ல. 1763-ல் புளோரிடா பிரிட்டனுக்குப் போனது, 1784-ல் ஸ்பெயினுக்குத் திரும்பியது, 1821-ல் அமெரிக்காவுக்கு வந்தது. கைமாறக் கைமாறப் பராமரிப்பு குறைந்தது. 1821-ல் கொடி மாறியபோது உள்ளே ஆள் தங்க முடியாத அளவுக்குச் சிதைந்திருந்தது. அமெரிக்கா அங்கே படை வைக்கவே இல்லை. மேடையில் வெடிப்பு விட்டால் தொட்டிக்குப் போக வேண்டிய நீர் சுவருக்குள் போகும். சுவருக்குள் போன நீர் சுண்ணாம்பைக் கரைக்கும். கரைந்த சந்தில் செடி வேர்விடும். வேர் பருத்துக் கல்லைத் தள்ளும். 1916-ல்தான் அமெரிக்கப் போர்த்துறை பெரிய அளவில் பழுதுபார்க்கத் தொடங்கியது. 1924-ல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். 1933 முதல் தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பு.

சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் இதே கதைதான், கல் மட்டும் வேறு. 1799-க்குள் கொங்கு முழுக்கக் கம்பெனியின் கைக்கு வந்துவிட்டது. சில ஆண்டுகளில் பாளையக்காரர் போர்களும் ஓய்ந்தன. மலைக்கோட்டைகளுக்கு வேலை இல்லாமல் போனது. கோயம்புத்தூர்க் கோட்டை கோட்டைமேடு என்ற பெயராக மட்டும் மிஞ்சியிருக்கிறது. மலைமேல் இருந்தவை பிழைத்தன, ஏனென்றால் அடியில் பாறை. இறங்குவதற்குச் சேறு இல்லை.

கருங்கல்லுக்குச் சிமெண்ட் என்ன செய்துவிடும் என்று பலர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மெதுவான கல்லில் சிமெண்ட் பூசினால், ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சுக்குப் பின்னால் தேங்கும். அதிலுள்ள உப்பு காயும்போது படிகமாகிக் கல்லின் முகத்தைப் பொடியாக உதிர்க்கும். சுவர் 'பொரிந்து'போகும். செங்கல்லுக்கும் இதே கதி. கோட்டையின் மேல்வரிசையில், கைப்பிடிச் சுவரில், செங்கல்லும் காரையும் இருக்கும் இடத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். கருங்கல்லுக்கு இப்படி ஆகாது, உண்மை. அங்கே கெடுவது கல்லின் முகம் அல்ல, சுவரின் நடுப்பகுதி.

தடித்த கோட்டைச் சுவர் முழுக்கக் கல் அல்ல. வெளிமுகம் ஒரு வரிசை, உள்முகம் ஒரு வரிசை, இரண்டுக்கும் நடுவே சில்லுக் கல்லும் மண்ணும் கொஞ்சம் சுண்ணாம்பும் போட்டு நிரப்பியது. மேலே விழும் மழை இந்த நிரப்புக்குள் இறங்கத்தான் செய்யும். கல்லுக்கு நடுவே சந்து திறந்திருந்தாலோ சுண்ணாம்புச் சாந்து இருந்தாலோ அது மெல்லக் கசிந்து வெளியேறும். சந்துகளையெல்லாம் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டால் நீர் உள்ளேயே நிற்கும். மண் ஊறிப் பருக்கும், பின் கரைந்து கீழே இறங்கும், வெளிமுகம் வயிறு தள்ளும். வயிறு தள்ளிய சுவர் ஒரு கோடை மழையில் சரியும். சிமெண்ட் இறுகும்போது கொஞ்சம் சுருங்குவதால் கல்லுக்கும் அதற்கும் நடுவே மயிரிழை விரிசல் விழும். நீர் அதன்வழி உள்ளே போகும், ஆனால் வெளியே வராது. சுண்ணாம்பில் மயிரிழை விழுந்தால், கரைந்த சுண்ணம் அதிலேயே மறுபடி படிந்து ஓரளவு தானாக அடைத்துக்கொள்ளும். சேற்றில் மரம் நாட்டிக் கட்டிய மட்டான்சாஸ் இத்தனை காலம் நின்றதற்கு இந்த நெகிழ்ச்சியும் ஒரு காரணம் என்பது எங்கள் கணிப்பு.

நாமக்கல் மலைக்கோட்டையின் பெருங்கற்கள் பெரும்பாலும் தம் எடையாலேயே நிற்பவை. அவற்றின் சந்தில் எதையும் திணிக்காமல் விடுவதே நல்ல பராமரிப்பு.

இனி செய்யும் முறை. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் சங்ககிரி, நாமக்கல் கோட்டைகளில் ஊர்க்காரர்கள் தாமாகக் கை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. 2010-ல் திருத்திய சட்டப்படி பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை கட்டுமானத்துக்குத் தடை. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். ஆனால் பாதுகாப்புப் பட்டியலில் இல்லாத மண்டபம், குளத்துப் படிக்கட்டு, பழைய மதில் எங்கள் ஊர்களில் எத்தனையோ இருக்கின்றன. கீழே சொல்வது அவற்றுக்கு.

முதலில் தண்ணீர். மதில் தலையில் நீர் எங்கே தேங்குகிறது, தூம்பு எங்கே அடைத்திருக்கிறது என்று மழை பெய்யும்போதே போய்ப் பார்க்க வேண்டும். வெயில் நாளில் தெரியாது. தூம்பைத் தூர்வாரினாலே பாதிக் கேடு நிற்கும்.

அடுத்து மரம். அரசு, ஆல், அத்திக் கன்றுகளைப் பிடுங்கவே கூடாது. பிடுங்கினால் கல்லோடு வரும். தண்டைச் சுவரை ஒட்டி அறுத்துவிட்டு, துளிர்க்கத் துளிர்க்கக் கிள்ளி, வேர் காயும்வரை பொறுக்க வேண்டும். காய்ந்தபின் தானாக வரும் வேரை மட்டும் எடுத்துவிட்டு, அந்தப் பொந்தில் சுண்ணாம்பும் செங்கல் தூளும் கரைத்த கூழை ஊற்றலாம். அடியிலிருந்து மேலாக, ஒரு நாளைக்கு ஒரு மீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல். ஒரே நாளில் நிரப்பினால் கூழின் எடையே வெளிமுகத்தைத் தள்ளிவிடும்.

விரிசல் இருந்தால் அதை உடனே அடைக்க வேண்டாம். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரு முனையிலும் ஒட்டி, தேதி எழுதி வையுங்கள். ஒரு மழைக்காலம் கழிந்தும் கண்ணாடி உடையவில்லை என்றால் விரிசல் பழையது, அடைக்கலாம். உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. அடித்தளத்தைப் பார்க்காமல் மேலே பூசுவது வீண்வேலை.

சந்து அடைக்கும்போது பழைய சாந்தை உளியால் கையாலேயே சுரண்ட வேண்டும். கிரைண்டர் கல்லின் விளிம்பைத் தின்றுவிடும். சந்தின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு ஆழம் போதும். சாந்துக்கு ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்பு, இரண்டரைப் பங்கு கழுவிய மணல். ஈரம் அதிகமுள்ள அடிப்பகுதியில் அரைப் பங்கு செங்கல் தூள் சேர்த்தால் நீரிலும் இறுகும். எம்-சாண்ட் என்றால் தூசு போகக் கழுவியே ஆக வேண்டும். தூசு இருந்தால் சுருங்கி வெடிக்கும். சுண்ணாம்பைத் தொட்டியில் குறைந்தது 15 நாள் ஊறவிட்டுச் சல்லடையில் வடிக்க வேண்டும். நீறாத கட்டி உள்ளே போனால் மாதங்கள் கழித்து நீறிப் பூச்சைப் பொத்துக்கொண்டு வரும். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணுக்கு மறைப்பு இல்லாமல் யாரும் கிட்டே போகக் கூடாது. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீர் சேர்ப்பது நம் வழக்கம். அதிகம் சேர்த்தால் பலம் கூடும் என்ற எண்ணம் தவறு. வெல்லம் கூடினால் சாந்து இறுகத் தாமதமாகும், பூசணமும் பிடிக்கும். கொஞ்சம் கலந்து, மறைவான ஓரடிச் சுவரில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மீதியைக் கலக்க வேண்டும்.

பருவம் மிக முக்கியம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கொங்கு முழுக்க வீசும். அந்தக் காற்றில் வைத்த சாந்து, கல்லாவதற்குள் ஈரம் இழந்து மாவாகிவிடும். சுண்ணாம்பு கல்லாக ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். ஆடிப் பதினெட்டுக்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டுப் பூசுவது அதனால்தான் கெடுகிறது. ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகைக் கடைசியில் தொடங்கித் தை முடிய நல்ல காலம். கல்லை முதலில் நனைத்து, சாந்தை அழுத்தி வைத்து, ஈரச் சாக்கு போர்த்தி, பத்து நாளாவது காயவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பத்து நாள் சாக்கு நனைக்க ஆள் இல்லை என்றால் வேலையைத் தொடங்காமல் இருப்பதே மேல்.

மதுக்கரையிலும் சங்ககிரியிலும் சுண்ணாம்புப் பாறை மலைபோல் கிடக்கிறது. பெரும்பகுதி சிமெண்ட் ஆலைக்குப் போகிறது. பழைய கட்டடங்களுக்கென ஒன்றிரண்டு காளவாய்கள் எரிய அரசு உதவினால், சுண்ணாம்பு கிடைக்கவில்லை அதனால் சிமெண்ட் வைத்தோம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். காரை வேலை தெரிந்த கொத்தனார்கள் பெரும்பாலும் வயதானவர்கள். அவர்கள் கை ஓய்வதற்குள் இளைஞர்களைப் பக்கத்தில் நிறுத்த வேண்டும்.

கடைசியாக டணாய்க்கன் கோட்டையைப் பற்றி. 1955-ல் பவானிசாகர் அணை முடிந்ததிலிருந்து அது நீருக்குள் கிடக்கிறது. அணையில் நீர் மிகவும் இறங்கும் ஆண்டுகளில் மட்டும் தலைகாட்டுகிறது. மூழ்கியே கிடந்தால் சுண்ணாம்பு அவ்வளவு கெடாது. மூழ்கியும் காய்ந்தும், அலை அடித்தும் மாறி மாறி வருவதுதான் சந்துகளை அரிக்கிறது. அதை இனிமேல் காப்பது கடினம். பதிவு செய்வதாவது நடக்கட்டும். உங்கள் நாளிதழ் நாள்தோறும் அணையின் நீர்மட்டத்தை அச்சிடுகிறது. கோட்டை வெளியே வரும் வாரத்தில் வனத்துறை, நீர்வளத்துறை அனுமதியோடு உங்கள் புகைப்படக்காரர் போனால், அடிக்கணக்கு எழுதிய ஒரு கோலைச் சுவரோரம் நட்டு, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்று, நான்கு பக்கமும் படம் எடுக்கச் சொல்லுங்கள். தேதியையும் அன்றைய நீர்மட்டத்தையும் படத்தின் கீழே போடுங்கள். எந்த வரிசைக் கல் எந்த ஆண்டு போனது என்பது அப்போது தெரியும்.

இப்படிக்கு,
சுண்ணாம்புக் காரை வேலை செய்யும் கொத்தனார்கள், கட்டடப் பொறியாளர்கள்,
சங்ககிரி - பவானி வட்டாரம்